பாக்கெட்டுக்குள் சிவப்பு நூல்

சின்னமனூர்
12.8.2024

மந்தாரக்குப்பம் பழைய துணிக் கடை கலியனுக்கு,

நெய்வேலி பதினாறாவது வட்டத்தில் குடியிருந்த சந்திரகலா எழுதுவது. கன்வேயர் பிரிவில் இருந்த நல்லசாமி சார் வீட்டம்மா என்றால் உங்களுக்குத் தெரியும். அவர் ரிடையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கள் ஊருக்கே வந்துவிட்டோம்.

போன மாதம் அவர் இறந்துவிட்டார். தூக்கத்திலேயே போய்விட்டார். நல்ல சாவு என்று வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்தக் கடிதம். பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்பே என் மருமகள் ஹரிணி அலமாரியைக் காலி செய்து, அவர் துணிகளை மூட்டை கட்டி ஆற்றில் விடக் கொடுத்துவிட்டாள். அதுதான் வழக்கம் என்று என் நாத்தனார் சொன்னாராம். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் என்னைச் சேர்த்து மூட்டை கட்டியிருந்தாலும் பேசாமல்தான் இருந்திருப்பேன்.

இப்போது வீட்டில் அவர் உடுத்தியது என்று ஒரு கைக்குட்டைகூட இல்லை. பழைய துணியாவது இருக்குமா என்று பார்த்தால், அதையெல்லாம் வருடா வருடம் உங்களிடம் போட்டுப் பாத்திரம் வாங்கிவிட்டேன். அடுக்களையில் குண்டானும் தூக்குவாளியும் இட்லிப் பானையும் வரிசையாக நிற்கின்றன. எந்தச் சட்டைக்கு எந்தப் பாத்திரம் வாங்கினேன் என்றுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. பாத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எங்கள் வீட்டுத் துணி ஏதாவது உங்கள் கடையில் விற்காமல் கிடக்கிறதா? அடையாளம் சொல்கிறேன். எங்கள் தெருவுக்கு ஒரே சலவைக்காரர். எல்லா வீட்டு யூனிபார்மும் ஒரே மாதிரி இருக்கும், மாறிப்போகும். அதனால் பாக்கெட்டின் உள்பக்கம் சிவப்பு நூலால் அவர் பெயரையும் வட்டத்தையும் வீட்டு நம்பரையும் தைத்துவைப்பேன். வெளியே போட்டுக்கொண்டு போகும் சட்டையிலும் அப்படித்தான்.

அந்த மழைநாளுக்குப் பிறகு உங்கள் கடைக்குத் துணி போடக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். நானும் வரவில்லை. அதை மனதில் வைக்காமல் பதில் போடவும். என் விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய கவர் உள்ளே வைத்திருக்கிறேன்.

சந்திரகலா

*

மந்தாரக்குப்பம்
23.8.2024

சந்திரகலா அம்மாவுக்கு,

கலியன் சொல்ல, மருமகள் எழில்மதி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று எழில்மதி முதலில் எழுதிவிட்டாள். நான் அடிக்கச் சொன்னேன். சாவு நடந்த வீட்டுக்கு அப்படி எழுதக் கூடாது. எனக்கு எழுத்து தெரியாது. நான் ‘சொல்லிக்கினு’ என்றால் இவள் ‘சொல்லிக்கொண்டு’ என்று எழுதுகிறாள். ஆகவே இந்தக் கடிதத்தில் பேச்சு என்னுடையது, மரியாதை அவளுடையது.

சார் போனது தெரியாது. மாலை போட வந்திருப்பேன்.

போன் நம்பர் கேட்டு எழுதலாமா என்று எழில்மதி கேட்டாள். வேண்டாம் என்றேன். போனில் கேட்டால் கேட்ட உடனே பதில் சொல்ல வேண்டும். இது அப்படிச் சொல்கிற காரியம் இல்லை.

உங்கள் வீட்டுத் துணி எங்கெங்கே போயிற்று என்று சொல்கிறேன். முதலில் கடையைப் பற்றிச் சொன்னால்தான் அது விளங்கும். எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபோது நான் அரைக்கால் சட்டைப் பையன். எங்களுக்கு நிலம் கிடையாது, அதனால் போகவும் ஒன்றும் இல்லை. அப்பனும் ஆயாவும் மண் சுமந்தார்கள். நான் வளர்ந்ததும் பண்ருட்டியில் அலுமினியப் பாத்திரம் எடுத்து, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வட்டம் வட்டமாகச் சுற்றினேன். பழைய துணிக்குப் பாத்திரம். மதுரைப் பக்கத்து அம்மாக்கள் ஒரு சொம்புக்கு ஒரு மணி நேரம் பேசுவார்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்து அம்மாக்கள் பேசமாட்டார்கள், ஆனால் துணியில் பட்டனை எல்லாம் வெட்டி எடுத்துக்கொண்டுதான் கொடுப்பார்கள். நீங்கள் பட்டனை விட்டுத் தருவீர்கள். அதனால் உங்களுக்குப் பெரிய பாத்திரம்.

பிறகு மார்க்கெட்டுக்குப் பின்னால் நாலு கம்பு நட்டுக் கயிறு கட்டினேன். அதுதான் கடை. பெயர்ப்பலகை கிடையாது. காண்ட்ராக்ட் ஆள் உள்ளே லுங்கியோடு போவான், வெளியே ஆபீசர் பேன்ட் சட்டையோடு வருவான். தெருவில் போகிறவன் கேட்பான், “இன்னாடா, சார் கடையில வாங்கினியா?” அப்படிச் சார் கடை என்று பெயர் நின்றது. நாக்பூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு ஆபீசர் போட்ட கோட்டு ஒன்று இருந்தது. இந்தப் பக்கத்து மாப்பிள்ளைகளில் பாதிப் பேர் அதைப் போட்டுக்கொண்டுதான் போட்டோ எடுத்தார்கள். வாங்குவான், கல்யாணம் முடிந்ததும் கொண்டுவந்து போடுவான். கடைசியில் கைகள் இரண்டும் தனியாகக் கழன்று வந்துவிட்டன.

கடைக்கு இரண்டு வழக்கம். செத்தவர் துணி வாங்கமாட்டேன். பெயர் பிரிக்காமல் எதையும் விற்கமாட்டேன். பிளேடும் ஊசியும் வைத்துக்கொண்டு காலையில் முதல் வேலை அதுதான். எழுத்து தெரியாது, ஆனால் எந்த அம்மா தைத்தது என்று தையலைப் பார்த்தால் தெரியும். உங்கள் தையல் பிரிப்பதுதான் கஷ்டம். கடைசியில் முடிச்சு மேல் முடிச்சு போட்டிருப்பீர்கள். “இந்தம்மா இன்னா, ஆட்டுக் கழுத்துல கயிறு கட்டற மாரி கட்டிக்கினு கீது” என்று திட்டிக்கொண்டேதான் பிரிப்பேன். எழில்மதி இதை எழுத வேண்டாம் என்றாள். எழுது என்றேன்.

சாரின் பழுப்புக் கட்டம் போட்ட சட்டையை டீ மாஸ்டர் வேலுமணி வாங்கினான். அதைப் போட்டுக்கொண்டுதான் பெண் பார்க்கப் போனான். பெண் வீட்டில், மாப்பிள்ளை கம்பெனியில் பெர்மனென்டா என்று கேட்டார்களாம். மெரூன் ஸ்வெட்டர், இஸ்திரி பட்டு ஓட்டை விழுந்தது, ஒரு வாட்ச்மேனுக்குப் போயிற்று. உங்கள் தம்பி கல்யாணத்துக்குத் தைத்த சாம்பல் சபாரியைக் கூத்துக்காரன் செங்குட்டுவன் எடுத்துக்கொண்டு போய் மந்திரி வேஷத்துக்கு வைத்துக்கொண்டான். வேட்டிகளை ஏணை கட்ட வாங்கிப் போவார்கள். அதில் தூங்கின பிள்ளைகள் இப்போது வேலைக்குப் போகிறார்கள்.

இப்போது யாரும் வாங்குவதில்லை. புதுசே மலிவாகச் செல்போனில் வந்துவிடுகிறது. வருகிற துணியில் பாதி மிஷின் துடைக்கிற கந்தலாகப் போகிறது. எழில்மதி தையல் மிஷின் போட்டிருக்கிறாள், அதில் கடை ஓடுகிறது.

உங்கள் வீட்டுத் துணி கடையில் ஒன்றும் இல்லை.

ஒன்று இருக்கிறது. அது கடைத் துணி இல்லை. எது என்று உங்களுக்கே தெரியும்.

கலியன்

*

சின்னமனூர்
2.9.2024

கலியன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. மூன்று தரம் படித்தேன்.

நீங்கள் சொல்வது உங்கள் மகன் கலைச்செல்வன் அந்த மழைநாளில் போட்டிருந்த யூனிபார்ம் சட்டை. இடி விழுந்து அவன் இறந்தபோது உடம்பில் இருந்தது. அதை எரித்திருப்பீர்கள் என்று இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதை எனக்குத் தர முடியுமா?

கேட்பது சரியில்லை என்று தெரியும். ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இவர் இறந்து இத்தனை நாளில் எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பிணத்தைக் கூடத்தில் போட்டிருக்கும்போது நான் எழுந்து போய் கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வந்தேன். என் நாத்தனார் எல்லோர் காதிலும் விழும்படி, “அண்ணனோட முப்பத்தொம்போது வருசம் குடும்பம் நடத்துனவ. கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு” என்றார். என் மகன் ஜெயகணேஷ் என்னை டாக்டரிடம் கூட்டிப்போனான். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாப்பிடுகிறேன். நன்றாகத் தூக்கம் வருகிறது.

அவருக்காக நான் அழவேண்டியதை எல்லாம் பதினோரு வருடத்துக்கு முன்னாலேயே அழுது முடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். அன்று வந்து சொன்னார்கள், சட்டையில் பெயர் இருக்கிறது, வீட்டு நம்பர் இருக்கிறது, உங்கள் வீட்டுக்காரர்தான் என்று. போன் போட்டால் எடுக்கவில்லை. ரிலீவர் வராமல் அவர் ராத்திரி ஷிப்டோடு காலை ஷிப்டும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அழுதேன். அங்கே போயும் அழுதேன். அதற்கு அப்புறம் அது திரும்பி வரவே இல்லை. உயிரோடு இருந்த மனுஷனுக்கு அழுதுவிட்டேன். செத்தபோது கையில் ஒன்றும் இல்லை.

அந்தச் சட்டையைப் பார்த்தால் வருமோ என்னவோ. அதில் இருப்பது என் வீட்டுக்காரர் பெயர். நான் தைத்தது.

சந்திரகலா

*

மந்தாரக்குப்பம்
14.9.2024

சந்திரகலா அம்மாவுக்கு,

கலியன் சொல்ல எழில்மதி எழுதுவது.

தர முடியாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை படித்து ஏமாற வேண்டாம்.

அந்த நாளை உங்கள் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். என் பக்கத்திலிருந்தும் சொல்கிறேன். அந்தச் சட்டையை நீங்கள் அந்த வாரம்தான் வேறு துணிகளோடு கொண்டுவந்து போட்டீர்கள். ஆணியில் மாட்டியிருந்தேன். இன்னும் பெயர் பிரிக்கவில்லை. ஐப்பசி மழை, துவைத்தது எதுவும் காயவில்லை. கலைச்செல்வன் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் ஆள். காலை ஷிப்டுக்குக் கிளம்பியவன் அதை எடுத்து மாட்டிக்கொண்டான். “நைனா, இத்தப் போட்டுக்கினு போறேன்” என்றான். “பேர் இன்னும் பிரிக்கலடா” என்றேன். “இருக்கட்டும் நைனா. இன்னிக்கு ஒரு நாளு நானும் பெர்மனென்டா இருந்துட்டு வரேன்” என்று சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுத்தான். எழில்மதி வாசலில் நின்றிருந்தாள். அவளும் சிரித்தாள்.

இந்த இடத்தில் எழில்மதி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். டீ குடித்துவிட்டு வந்து எழுதுகிறோம்.

மத்தியானம் ஆட்டோக்காரர் ஒருவர் கடைக்கு வந்து, “யோவ் கலியா, நம்ம பதினாறாவது வட்டத்து நல்லசாமி சாரு, மரத்தடியில ஒதுங்கி நின்னிருக்காரு, இடி வுழுந்து பூட்டாராம். ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போயிருக்காங்க” என்றார். என் வீட்டுக்காரி சாமியம்மாள் அடுப்படியில் இருந்தாள். “ஐயோ, அந்த மவராசனா” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அழவும் அழுதாள். பிறகு, “எத்தினி வருசத்துப் பழக்கம். நீ போயி அந்தம்மா கண்ணுல பட்டுட்டு வா” என்றாள்.

போகிற வழியில் ஒரு மாலை வாங்கிக்கொண்டேன். சார் சாவுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது.

ஆஸ்பத்திரி வாசலில் கூட்டத்தோடு நின்றேன். நீங்கள் உள்ளேயிருந்து ஓடிவந்தீர்கள். “இவர் இல்ல! எங்க வீட்டுக்காரர் இல்ல! இது யாரோ!” என்று கத்தினீர்கள். பக்கத்தில் நின்ற அம்மாவைக் கட்டிக்கொண்டு சிரித்தீர்கள். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். “நல்லதும்மா, நல்லது” என்று உங்களைப் பார்த்துக் கும்பிட்டேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை.

அப்போது உள்ளேயிருந்த ஆள் வெளியே வந்து கேட்டார், “அப்ப இது யாருய்யா? பாக்கெட்டுக்குள்ள செவப்பு நூல்ல பேரு தெச்சிருக்குதே?”

மாலை இன்னும் என் கையில்தான் இருந்தது. அது வீணாகவில்லை.

வீட்டுக்கு வந்து சாமியம்மாளிடம் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, “இப்பத்தானே அழுதேன்” என்றாள். அவ்வளவுதான். பெற்ற பிள்ளைக்கு அதற்குமேல் அவள் அழவில்லை. அதற்குப் பிறகு அஞ்சு வருஷம் இருந்தாள். சோறாக்கினாள், கடையில் துணி மடித்தாள், யார் என்ன கேட்டாலும் பதில் சொன்னாள். அப்படியே போய்ச் சேர்ந்தாள். அதனால் நீங்கள் எழுதினது எனக்குப் புதிசு இல்லை. கல் என்று உங்களைச் சொன்னவர்களுக்குத் தெரியாது.

மறுநாள் நீங்கள் பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைத்ததை வேலுமணி வந்து சொன்னான். நானாக இருந்தாலும் உடைத்திருப்பேன். சார் துணி போடக் கூடாது என்று சொன்னதும் எனக்குத் தெரியும். அதிலும் குறை இல்லை. தன் பெயரை இன்னொருத்தன் பிணத்தின் மேல் பார்த்த மனுஷன் வேறு என்ன சொல்வார்?

பெயர் சாருடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டை அவர் கழற்றிப் போட்டது. என் பிள்ளை போட்டுக்கொண்டது. அவனிடமிருந்து எங்களுக்குத் திரும்பிவந்தது அது ஒன்றுதான்.

கலியன்

*

சின்னமனூர்
25.9.2024

கலியன் அண்ணனுக்கு,

நீங்கள் அங்கே நின்றது எனக்குத் தெரியாது. கூட்டத்தில் யார் முகமும் எனக்கு ஞாபகம் இல்லை. மாலை வைத்துக்கொண்டு ஒருவர் நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது. இந்த மாலை நமக்கு வேண்டாம் என்று அப்போது நினைத்தேன்.

சட்டையை அனுப்ப வேண்டாம். இனிமேல் கேட்கமாட்டேன்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இதை இவரிடம்கூட நான் சொன்னதில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. உள்ளே போனபோது முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். திறந்து பார்க்கத் தைரியம் இல்லை. கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். குதிகால் எல்லாம் வெடிப்பு, வெடிப்புக்குள் மண். பூட்ஸ் போட்டுப் போன மனுஷனுக்கு எப்படி இத்தனை மண் என்று யோசிக்கவில்லை. என் முந்தானையால் துடைத்தேன். துடைத்துக்கொண்டே அழுதேன். அவரிடம் என்னென்ன சொல்ல வேண்டுமோ அத்தனையும் அந்தக் காலிடம் சொன்னேன். அவரை நான் பேசியது, அவர் என்னைப் பேசியது, எல்லாம்.

பிறகு எழுந்து பார்த்தால் சட்டையின் மேல்பட்டன் போடாமல் திறந்து கிடந்தது. இவருக்கு அது பிடிக்காது. கழுத்துவரை போட்டுக்கொள்வார். அதனால் போட்டுவிட்டேன். பட்டன் ஓட்டைக்குள் போகவில்லை, நேரம் எடுத்துத்தான் போட்டேன். அதற்குப் பிறகுதான் முகத்துத் துணியை விலக்கினேன்.

சின்னப் பையன். வாய் லேசாகத் திறந்திருந்தது, ஏதோ கேட்கப் போகிறவன் மாதிரி. முகத்தில் காயம் ஒன்றும் இல்லை. நான் மறுபடி மூடினேனா என்று தெரியவில்லை. வெளியே ஓடிவந்துவிட்டேன்.

உங்கள் மகனுக்காக நான் அழவில்லை, அண்ணே. ஆனால் அழுதது எல்லாம் அவன் காலில்தான் விழுந்தது.

சந்திரகலா

*

மந்தாரக்குப்பம்
7.10.2024

சந்திரகலா அம்மாவுக்கு,

இத்துடன் பார்சலில் சட்டை வருகிறது.

உங்கள் கடிதத்தை எழில்மதி படித்துக்கொண்டே வந்தாள். பட்டன் என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள். நான் மறுபடி படிக்கச் சொன்னேன்.

என் பிள்ளை மேல்பட்டன் போடமாட்டான். சின்ன வயசிலிருந்தே கழுத்தில் எதுவும் ஒட்டக் கூடாது அவனுக்கு. கல்யாணத்தன்றுகூட போட்டோக்காரர் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அன்று ஆஸ்பத்திரிக்குள் போய் நான் அவனைப் பார்த்தபோது முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்த்தேன். கழுத்துவரை பட்டன். இது என் பிள்ளை இல்லை என்று அந்த ஒரு பட்டனை வைத்து நினைத்தேன். பிறகு முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருஷமும் அது எனக்குள் கிடந்தது. யார் போட்டார்கள்? ஆஸ்பத்திரி ஆள் எதற்குப் போடுகிறார்? மழைக்காக அவனே போட்டுக்கொண்டானா? குளிர்ந்ததா அவனுக்கு? சாமியம்மாளிடமும் கேட்டிருக்கிறேன், எழில்மதியிடமும் கேட்டிருக்கிறேன். யாருக்கும் தெரியவில்லை.

இப்போது தெரிந்துவிட்டது.

எழில்மதி எழுந்து போய்க் கொஞ்ச நேரம் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் ஓட்டவில்லை. பிறகு அங்கிருந்தே சொன்னாள், “அனுப்பிடுங்க மாமா. அவுருக்குக் காலு தொடச்சி வுட்டிருக்காங்க.” நான் சரி என்றேன். இது அவள் சொல்ல வேண்டியது. சட்டை அவள் பெட்டியில்தான் இருந்தது.

இந்தக் கடையில் விற்றதையோ கொடுத்ததையோ நான் திருப்பிக் கேட்டது கிடையாது. இதைக் கேட்கிறேன். வேண்டிய மட்டும் வைத்திருங்கள். பிறகு எங்களுக்கே திருப்பி அனுப்பிவிடுங்கள். துவைக்க வேண்டாம். ஆற்றில் விடுகிறவர்கள் கையில் கொடுக்க வேண்டாம்.

கலியன்

*

சின்னமனூர்
24.10.2024

கலியன் அண்ணனுக்கு,

சட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். தீபாவளிக் கூட்டத்தில் தொலைந்துவிடக் கூடாது என்று ஜெயகணேஷைப் பதிவுத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். இது எதற்கு, யாருக்கு என்று கேட்டான். நெய்வேலிக்கு என்றேன். சலித்துக்கொண்டான், ஆனால் போய்விட்டு வருவான்.

வந்த அன்றைக்கு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மறுநாளும் உட்கார்ந்தேன். இவர் வாசனை எதுவும் அதில் இல்லை. பெட்டி வாசனைதான் இருந்தது. எழில்மதி ரசகற்பூரம் போட்டு வைத்திருப்பாள் போல. மூன்றாவது நாள் நாத்தனார் வந்து, “யாரு சட்டை அது?” என்றார். “ரெண்டு பேரோடது” என்றேன். அவர் ஹரிணியைப் பார்த்தார். ஹரிணி என்னைப் பார்த்தாள். பிறகு காபி போடப் போய்விட்டாள்.

அழுகை இனி வராது என்று நினைக்கிறேன். பரவாயில்லை. டாக்டர் மாத்திரையைக் குறைத்துவிட்டார்.

நீங்கள் சொன்னபடி துவைக்கவில்லை. ஆனால் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். ஊசியைக் கையில் எடுத்துப் பல வருடம் ஆகிறது. கண் சரியில்லை. நூலை ஹரிணிதான் கோத்துக் கொடுத்தாள், பக்கத்திலேயே உட்கார்ந்து எழுத்துக்கு எழுத்து பார்த்துச் சொன்னாள். அப்படியும் கோணலாகத்தான் இருக்கும். வேண்டாம் என்றால் பிரித்துவிடுங்கள். உங்களுக்குத் தெரியாத வேலையா?

சந்திரகலா

*

மந்தாரக்குப்பம்
4.11.2024

சந்திரகலா அம்மாவுக்கு,

சட்டை வந்து சேர்ந்தது. போஸ்ட்மேன் கையெழுத்துக் கேட்டார், ரேகை வைத்து வாங்கினேன்.

கவரைப் பிரித்ததும் விரலைப் பாக்கெட்டுக்குள் விட்டேன். கடைத் துணி என்றால் அதுதான் பழக்கம், கண்ணுக்கு முன்னால் விரல் போய்விடும். மேலே சாருடைய பெயர், நூல் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு வரி. புது நூல், விரலில் முள் மாதிரி பட்டது. அதைத் தடவினேன். வட்டம் இல்லை, வீட்டு நம்பர் இல்லை. பெயர் மட்டும்.

எழில்மதி, “படிக்கட்டுமா மாமா?” என்றாள்.

“வேணாம். வேற யார் பேர அங்கே தெக்கப் போறாங்க?” என்றேன்.

அவள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “எழுத்து சரியாத்தான் இருக்குது” என்றாள். அதையும் எழுது என்றேன், எழுதியிருக்கிறாள்.

பிரித்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடையில் நான் பிரித்த பெயருக்கு அளவில்லை. எல்லாம் யாரோ ஒருத்தர் பெயர். யார் என்று தெரியாமலே பிரித்துப் பிளேடைத் துடைத்து வைத்துவிடுவேன். இதிலும் கடைசிவரை தடவிப் பார்த்தேன். முடிகிற இடத்தில் முடிச்சு மேல் முடிச்சு, அதற்கு மேலும் ஒரு முடிச்சு. கண் சரியில்லை என்றீர்கள், முடிச்சில் ஒரு குறையும் இல்லை.

இத்தனை முடிச்சு எதற்கு அம்மா? இதை யார் பிரிக்கப் போகிறார்கள்?

மழை பிடித்துக்கொண்டது. கயிற்றில் கிடக்கிற துணியை உள்ளே எடுக்க வேண்டும். நிறுத்திக்கொள்கிறேன்.

கலியன்